பழைய காருக்கு அரசாங்கம் பணம் தருதாமே!

பழைய காரை வாங்கிக்கொண்டு புதுக் காரைக் கொடுக்கிற வேலையில் உட்கார்ந்தவனுக்கு ஒரே ஆளிடம் இரண்டு தடவை திட்டு விழும். பழசின் விலையைச் சொன்னதும் ஒரு தடவை, புதுசின் விலையைச் சொன்னதும் ஒரு தடவை. கேஸ் ஏஜென்சியில் உட்கார்ந்து ‘லோடு வரலீங்க’ என்று சொல்கிறவர், பேங்க்கில் ‘சிஸ்டம் வேலை செய்யலீங்க’ என்று சொல்கிறவர், ஸ்டேஷனில் ‘வண்டி லேட்டுங்க’ என்று சொல்கிறவர் எல்லோரும் எனக்குப் பங்காளிகள். தான் செய்யாத காரியத்துக்குத் தன் முகத்தைக் காட்டிச் சம்பளம் வாங்குகிற அத்தனை பேரும் கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள். உங்களுக்குத்தான் இது புரியும்.

2009இல் நான் விருத்தாசலத்தில் ஒரு கார் ஷோரூமில் இருந்தேன். கடலூர் முதலாளி ஒருவருடைய கிளை. கண்ணாடிக் கூடம், இரண்டு புதுக் கார், ஒரு சோபா, ஒரு தண்ணீர்க் கேன், ஏசி. எங்கள் ஊரில் பீங்கான் தொழில் பிரபலம்; தடுக்கி விழுந்தால் செராமிக் டிப்ளமோ படித்தவன் மேல்தான் விழவேண்டும். நான் ஊரோடு ஒத்துப்போகாமல் ஆட்டோமொபைல் படித்தவன். அதனால் என் மேசை மேல் ‘எக்ஸ்சேஞ்ச்’ என்று பலகை வைத்து உட்காரவைத்திருந்தார்கள். பழைய வண்டியை ஓட்டிப் பார்த்து விலை சொல்வதும், அந்த விலைக்காகத் திட்டு வாங்குவதும் என் வேலை.

பாதிப் பேப்பர்

ஆடி மாதத்தில் கார் ஷோரூமில் ஈ ஓட்டக்கூட ஈ வராது. அப்படிப்பட்ட ஆடியில் ஒரு நாள் காலை ஷட்டரைத் தூக்கினால் வாசலில் ஆள் நிற்கிறார்கள். முன்னால் நின்றவர் வேப்பூரில் ஹைவே ஓரம் ஓட்டல் வைத்திருக்கிற கலியமூர்த்தி. வெங்காய மூட்டை ஏற்றி ஏற்றி அவருடைய அம்பாசிடர் வருவதற்கு முன்னாலேயே அதன் வாசனை வந்துவிடும். கையில் மடித்த பேப்பர். “தம்பி, பழைய காருக்குப் பணம் எங்க குடுக்குறாங்க? இங்கயா, தாலுகா ஆபீஸ்லயா?” என்றார்.

பேப்பரை வாங்கிப் பார்த்தேன். பெட்ரோலை அதிகம் குடிக்கும் பழைய காரைக் கொடுத்துவிட்டுப் புதுக் கார் வாங்குகிறவர்களுக்கு அரசாங்கமே பணம் தருகிறது, ஜெர்மனியிலும் இப்படி உண்டு என்று போட்டிருந்தது. முதல் வரியிலேயே அமெரிக்கா என்றும் போட்டிருந்தது. அந்த வரி மடிப்புக்குள் போயிருந்தது. “இது அமெரிக்காவுலங்க” என்றேன். “சரி, இங்க எப்ப?” என்றார். இங்கே அப்படி ஒன்றும் கிடையாது என்றேன்.

அவர் விடவில்லை. “கலர் டிவி குடுக்குறாங்கல்ல?” “குடுக்குறாங்க.” “கேஸ் அடுப்பு?” “குடுக்குறாங்க.” “அப்ப காரு மட்டும் ஏன் குடுக்க மாட்டாங்க?” அதை அரசாங்கத்தைத்தான் கேட்கவேண்டும் என்று சொன்னேன். பின்னால் நின்றவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். கலியமூர்த்தி பேப்பரை வாங்கி, மறுபடி அதே இடத்தில் மடித்துக்கொண்டு சொன்னார்:

“டிவி குடுப்பாங்கன்னு சொன்னப்பவும் ஒன்ன மாதிரி ஒருத்தன் ‘அதெல்லாம் வராது’ன்னுதான் சொன்னான். இப்ப அவன் வூட்லயும் அந்த டிவிதான் ஓடுது!”

பச்சை வண்டி

பதினைந்து வருஷம் ஓடிய வண்டிக்குப் பசுமை வரி என்று ஒன்று உண்டு. பழைய வண்டி புகை கக்கும், அதற்காக. அமெரிக்கச் செய்தி வந்த கையோடு இந்த வரியைப் பற்றியும் ஊரில் ஆளுக்கொரு விளக்கம் கிளம்பியது. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் தன் பழைய பியட் காரோடு வந்தார். இலைப் பச்சை நிறம். ‘நம்ம ஊர்ல பழசுக்குப் பணம் இல்ல, வரிதான் சார்’ என்று நான் பொறுமையாக ஆரம்பித்து, பசுமை என்றால் சுற்றுச்சூழல், புகை, மரம், காற்று என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லி முடித்தேன். தலையாட்டிக்கொண்டே கேட்டார். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவர், எவ்வளவு நன்றாகப் புரிந்துகொள்கிறார் என்று எனக்கே பெருமையாக இருந்தது. எழுந்து வாசல்வரை போனவர் திரும்பி நின்றார்.

“எல்லாம் சரி தம்பி. என் வண்டியே பச்சைதானே, எனக்கு எதுக்குப் பசுமை வரி?”

சின்ன எழுத்து

இப்படி ஆட்கள் வந்து போவதைப் பார்த்து நான் நொந்துகொண்டிருக்க, எங்கள் மேனேஜர் சபாபதி அதே ஆட்களைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தார். கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிறவர். ஆடியில் வியாபாரம் இல்லாவிட்டால் கிளையை மூடிவிடுவோம் என்று முதலாளி சொல்லியிருந்தார். அந்தப் பயம் எனக்கும் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. மூடினால் முதலில் போவது என் மேசைதான்.

அந்தச் சமயத்தில் மத்திய அரசு சின்னக் கார்களுக்கு வரியைக் குறைத்திருந்தது. அது நிஜம். பழைய காரோடு வந்தால் எங்கள் கம்பெனி விலையில் கொஞ்சம் தள்ளுபடி தந்தது. அதுவும் நிஜம். சபாபதி இந்த இரண்டு நிஜத்தையும் ஒரே நோட்டீஸில் போட்டார். மேலே பெரிய சிவப்பெழுத்தில் ‘பழைய காரைக் கொடுங்கள்! அரசு சலுகை!!’ என்று இருந்தது. அரசு தருவது வரிக்குறைப்பு மட்டும், எக்ஸ்சேஞ்ச் போனஸ் கம்பெனி தருவது என்கிற விவரம் அடியில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. “சார், இத படிச்சிட்டு அரசாங்கமே பழைய காருக்குப் பணம் தருதுன்னு வருவாங்க. பதில் சொல்லவேண்டியது நான்” என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேப்பூர், எங்கள் ஜில்லாவிலேயே இருக்கிற மங்களூர், சேத்தியாத்தோப்பு என்று எல்லாப் பக்கமும் பேப்பரோடு வைத்து அனுப்ப நோட்டீஸ் கட்டு ஏற்கெனவே வாசலில் இருந்தது.

“பொய் எங்கய்யா இருக்குது? எல்லாத்தையும் போட்டிருக்கேன். கண்ணு சரியில்லாதவன் கார் ஓட்டக்கூடாது, அவ்வளவுதான்!”

டிராக்டர் இழுத்து வந்த கார்

நோட்டீஸ் போன மறுநாளே மங்களூர் பக்கத்திலிருந்து ராமலிங்கம் என்கிற விவசாயி வந்தார். டிராக்டரில் வந்தார். பின்னால் கயிற்றில் ஒரு கார் கட்டியிருந்தது. கார் என்று நான் மரியாதைக்குச் சொல்கிறேன். கதவு மூன்றுதான் இருந்தது. எஞ்சினை எப்போதோ கழற்றி மோட்டார் கொட்டகையில் தண்ணீர் இறைக்க வைத்துவிட்டார். முன்சீட்டை எட்டிப் பார்த்தேன். ஒரு கோழி என்னைப் பார்த்துக் கொக்கரித்தது. அடை வைத்திருந்ததாம், எழுப்ப மனசு வரவில்லை என்று அதையும் சேர்த்தே இழுத்து வந்திருக்கிறார். ஜங்ஷன் ரோட்டிலிருந்து ஷோரூம்வரை பின்னாலேயே ஒரு கூட்டம்.

“ஐயா, எக்ஸ்சேஞ்சுன்னா ஓடுற காரா இருக்கணும்” என்றேன். அவர் என் அறியாமையைப் பார்த்துச் சிரித்தார். அவருடைய மருமகன் துபாயில் டிவியில் பார்த்துவிட்டுப் போனில் சொல்லியிருக்கிறான். அமெரிக்காவில் அரசாங்கம் அந்தப் பழைய காரையெல்லாம் மிஷினில் போட்டு நசுக்கிவிடுகிறதாம். “நொறுக்கப்போற வண்டிக்கு எஞ்சின் எதுக்கு?” என்று கேட்டார். அங்கேயும் ஓடுகிற காரைத்தான் வாங்கிக்கொள்கிறார்கள் என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவர் முகத்தில் இருந்தது கோபமில்லை. ஓடுகிற காரைக் கொண்டுவந்து நொறுக்கச் சொல்கிறவர்களும், அதற்குக் காசு கொடுக்கிறவர்களும் இருக்கிற உலகத்தை நினைத்து அவருக்கு உண்மையிலேயே கவலையாகிவிட்டது.  டிராக்டரில் ஏறி உட்கார்ந்து, கயிற்றை ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

“ஓடுற காரா இருந்தா நான் ஏன் தம்பி ஒங்கிட்ட வரேன், அதுலயே வேற எங்கயாச்சும் போயிருக்க மாட்டேனா?”

ஒன்பது அவதாரம்

செராமிக் தொழிற்பேட்டையில் ராஜாமணி என்பவர் சின்னதாகச் சூளை வைத்திருந்தார். பீங்கான் பியூஸ் கட்டை செய்வார், சீசனில் கொலு பொம்மை செய்வார். அவருடைய பழைய பத்மினி காரில் பின்சீட்டைக் கழற்றிவிட்டு வைக்கோல் பரப்பிச் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். தனக்கு இரண்டு சலுகை வரவேண்டும் என்பது அவர் கணக்கு. பழைய காருக்கு ஒன்று, சிறுதொழிலுக்கு ஒன்று. இரண்டும் கிடையாது என்று சொன்னதும், “இருக்கிறதையாச்சும் சொல்லு” என்று சாவியைக் கொடுத்தார். ஓட்டிப் பார்த்தால்தான் விலை சொல்லமுடியும். பின்னால் சரக்கு இருக்கிறதே, இறக்கிவிடலாமா என்று கேட்டேன். வெயிட்டு இருந்தால்தான் வண்டி ஆடாமல் போகும், அப்படியே ஓட்டு என்றார்.

கதவைச் சாத்தினதும் வெள்ளை மண் தூசி கிளம்பி மூக்கில் ஏறியது. பாலக்கரை தாண்டி ஒரு தும்மல். கண்ணை மூடித் திறப்பதற்குள் வேகத்தடை. பின்னால் ‘டக்’ என்று ஒரு சத்தம், சின்னச் சத்தம்தான். ராஜாமணி வண்டியை ஓரம்கட்டச் சொல்லி இறங்கி, பின்கதவைத் திறந்து வைக்கோலை விலக்கினார். தசாவதாரம் செட். மச்சம், கூர்மம் என்று ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டிப் பார்த்தார். வாமனரை எடுத்தபோது குடை ஒரு கையிலும் ஆள் ஒரு கையிலும் வந்தார்கள். நான் மன்னிப்புக் கேட்கவும் தெரியாமல், தும்மலை அடக்கவும் முடியாமல் நடுரோட்டில் நின்றேன்.

“கல்கி இன்னும் வரவே இல்ல, அது ஒடஞ்சிருந்தாக்கூட சமாளிச்சிருப்பேன். வந்துட்டுப் போனவர ஒடச்சிட்டியே தம்பி!”

திருப்பி அனுப்பியது

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் எரிச்சல். தனபால் அண்ணன் வந்ததும் அது வேறு மாதிரி ஆகிவிட்டது. ஜங்ஷன் டாக்ஸி ஸ்டாண்டில் வெள்ளை அம்பாசிடர் வைத்திருந்தவர். என் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது பாண்டிச்சேரிவரை ஒரு பேச்சும் பேசாமல் ஓட்டிக்கொண்டுபோய்ச் சேர்த்தவர். அன்றைக்கு நோட்டீஸை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தார். வண்டி ஓடத் தகுதியானது என்கிற எப்.சி. சான்று முடியப்போகிறது, இந்த நிலையில் கொண்டுபோனால் பாஸ் ஆகாது, பாஸ் ஆகாவிட்டால் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தமுடியாது. அதனால் அரசாங்கத்திடமே கொடுத்துவிட்டு அந்தப் பணத்தை வைத்து ஒரு சின்னக் கார் எடுத்து டாக்ஸியாக ஓட்டலாம் என்று வந்திருக்கிறார்.

நான் மற்றவர்களுக்குச் சொன்னதையே அவருக்கும் சொன்னேன். அரசாங்கப் பணம் கிடையாது. கம்பெனி போனஸையும் சேர்த்துப் பார்த்தாலும் அவர் வண்டிக்கு வருகிற விலை பழைய இரும்புக்குக் கொஞ்சம் மேலே. அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. தண்ணீர்க் கேனிடம் போய் ஒரு டம்ளர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். “நல்லா பாத்து சொல்லு தம்பி” என்றார். நல்லா பார்த்துத்தான் சொல்கிறேன் என்றேன். அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். சேத்தியாத்தோப்பில் கல்யாண மண்டபம் வைத்திருக்கிற வசந்தா என்கிற அம்மா, மாப்பிள்ளை அழைப்புக்கு வைத்துக்கொள்ள இந்த அம்பாசிடரை நல்ல விலைக்குக் கேட்டிருக்கிறார். நோட்டீஸ் வந்த அதே வாரம்.

“கையில காசோட வந்து நின்னாங்க தம்பி. ‘அரசாங்கமே எடுத்துக்கப்போவுதும்மா, ஒங்களுக்கு எதுக்கு செலவு’ன்னு நானே டீ வாங்கிக் குடுத்துத் திருப்பி அனுப்பிட்டேன்.”

சோபா

மறுநாளிலிருந்து தனபால் அண்ணன் ஷோரூம் சோபாவில் வந்து உட்கார ஆரம்பித்தார். கோஷம் கிடையாது, சண்டை கிடையாது. துவைத்த சட்டை, நெற்றியில் விபூதி, காலை ஷட்டர் தூக்கும்போது வருவார், சாயங்காலம் இறக்கும்போது போவார். உள்ளே வருகிற ஒவ்வொருவரிடமும் எழுந்து நின்று, “அரசாங்கப் பணம் இல்லீங்க. நல்லா கேட்டுட்டு அப்புறம் உள்ள போங்க” என்று மரியாதையாகச் சொல்லுவார். என் வேலையில் பாதியை அவர் செய்தார் என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் வந்தவர்கள் என்னிடம் வராமலே திரும்பிப் போனார்கள்.

சபாபதி கண்ணாடி அறைக்குள் இருந்தபடி எனக்குச் சைகை காட்டுவார், வெளியே அனுப்பு என்று. எப்படி அனுப்புவது? தனபால் அண்ணன் சொல்வதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லையே. மத்தியானம் அவருடைய மனைவி பாக்கியம் கேரியரில் சாப்பாடு கொண்டுவந்தார். இவர்தான் வழி என்று எனக்குத் தோன்றியது. வாசலுக்குக் கூட்டிப்போய், “அக்கா, இங்க உக்காந்து என்ன ஆவப்போவுது? எப்.சி. தேதி வேற வருது. வூட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, வேற வழி பாப்போம்” என்றேன். அந்த அம்மா உள்ளே எட்டிப் பார்த்தார். ஏசிக் காற்றில் கணவர் ரசம் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“வூட்ல உக்காந்து என்னத் திட்டுறதுக்கு இங்க உக்காந்து ஒங்களத் திட்டட்டும். எத்தினி நாள் வேணும்னாலும் வச்சுக்கங்க!”

முன்கூட்டியே ஒரு மனு

திங்கட்கிழமை மனு கொடுக்கிற நாள். மங்களூர் ராமலிங்கம் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு, பழைய காருக்கான அரசுப் பணத்தை எங்களுக்கு உடனே வழங்கவேண்டும் என்று தாலுகா ஆபீஸில் மனு கொடுத்துவிட்டார். ஆதாரத்துக்கு எங்கள் நோட்டீஸ். ஷோரூமிலிருந்து யாராவது வரவேண்டும் என்று போன் வந்தது. சபாபதிக்கு அந்த நிமிஷமே கடலூரில் அவசர மீட்டிங் முளைத்தது. நான் போனேன்.

தாசில்தார் ஒரு அம்மா. நோட்டீஸை என்னிடம் கொடுத்து எல்லோருக்கும் கேட்கும்படி படிக்கச் சொன்னார். பெரிய எழுத்தைப் படித்தேன். “கீழயும் படிங்க” என்றார். அந்த எறும்பு எழுத்தை ஜன்னல் வெளிச்சத்தில் காட்டி, எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.  முடித்ததும், “அரசாங்கத்துக்கே தெரியாம அரசுத் திட்டம் நடத்துறீங்க. நாங்க வேற எதுக்கு ஆபீஸ் வச்சிருக்கோம்?” என்றார். நாளைக்குள் இந்த நோட்டீஸை நிறுத்தவேண்டும், பழைய காருக்கு அரசுப் பணம் கிடையாது என்று வாசலில் பலகை வைக்கவேண்டும் என்றார். வைக்கிறேன் என்றேன். அப்புறம் மனு கொடுத்தவர்கள் பக்கம் திரும்பி, அப்படி ஒரு திட்டம் இல்லை, யார் சொன்னாலும் நம்பாதீர்கள் என்று நிதானமாக எடுத்துச் சொன்னார். எல்லோருக்கும் புரிந்தது. முடிந்தது என்று நான் மூச்சுவிட்டேன். ராமலிங்கம் துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தார்.

“இப்ப இல்லன்னா பரவால்லங்கம்மா, வர்றப்ப மொதல் ஆளா எங்க பேரு இருக்கட்டும். நாங்க ஒண்ணும் அவசரப்படல.”

மெமோ

அடுத்த வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு கவர் வந்தது. அந்த மாதம் எல்லாக் கிளைகளிலும் அதிகமாக ஆட்கள் வந்து விசாரித்தது விருத்தாசலத்தில்தானாம். வந்தவர்களில் எத்தனை பேர் திட்டுவதற்காக வந்தார்கள் என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை போலிருக்கிறது. சபாபதிக்குக் கடலூரிலேயே பெரிய பதவி. இன்னொரு கவர் எனக்கு. அரசு அலுவலகத்தில் கம்பெனியின் பெயர் கெடும்படி நடந்துகொண்டதற்கு விளக்கம் கேட்டு மெமோ. பொதுமக்களுக்குச் சலுகை விவரத்தைத் தெளிவாகச் சொல்லத் தவறினேனாம்.  பசிக்கிற நேரத்தில்கூட டிபன் டப்பாவைத் திறக்காமல், வந்தவன் போனவனுக்கெல்லாம் ‘கிடையாது, கிடையாது’ என்று அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தேன்? சபாபதி மேசையைக் காலி செய்துகொண்டே என் தோளில் தட்டினார்.

“வருத்தப்படாதய்யா. மெமோ குடுக்கிற அளவுக்கு ஹெட் ஆபீஸ்ல ஒன் பேரு தெரிஞ்சிருக்குதே, அதுவே பெரிசு!”

சேத்தியாத்தோப்பு

அன்றைக்குச் சாயங்காலம் மெமோவை மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்தால், எதிரே சோபாவில் தனபால் அண்ணன். எனக்கு வந்த கோபம் எங்கே போவது என்று தெரியாமல் அவர் மேல் பாய்ந்தது. “இங்க உக்காந்து உக்காந்து என்னத்தக் கண்டீங்க? அந்த மண்டபத்து அம்மாவ மறுபடி போய்ப் பாத்தீங்களா?” என்று கத்திவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, “எந்த முகத்த வச்சுக்கிட்டுப் போறது?” என்றார். முகத்தைக் காட்டுவது என் தொழில், நான் வரேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய அம்பாசிடரிலேயே போனோம்.  வெள்ளாற்றுப் பாலத்துக்கு முன்னால் ஓரம்கட்டி, ஈரத்துணியால் வண்டியைச் சுற்றித் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். நான் ‘போலாம்ணே’ என்று சொல்லவேண்டியிருந்தது. மண்டபத்தில் வசந்தா அம்மா பந்தி பெஞ்சுகளை எண்ணி அடுக்கவைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும், “என்னாங்க, அரசாங்கம் எடுத்துக்கலியா?” என்றார். தனபால் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் யார், எந்தக் கடை, அந்த நோட்டீஸ் எப்படி வந்தது என்று எல்லாவற்றையும் சொன்னேன். பழகின வேலைதானே. அந்த அம்மா எங்களை மேசையருகே உட்காரவைத்து முழுசையும் கேட்டார். சிதம்பரத்தில் வேறு ஒரு வண்டி பேசிவைத்திருக்கிறேன், இன்னும் முடியவில்லை என்றார். அப்புறம் எழுந்துபோய் அம்பாசிடரைச் சுற்றிவந்து, பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்தார். புடவை கசங்காமல் பொண்ணும் மாப்பிள்ளையும் உட்கார இடம் இருந்தது. மேசைக்குத் திரும்பி வந்து, முன்னால் சொன்ன விலையே தரேன் என்றார்.

நான் எழுந்தே விட்டேன். தனபால் அண்ணன் எழுந்திருக்கவில்லை. சாவியை மேசை மேல் வைத்தார், கையை எடுக்கவில்லை. நான் ‘அண்ணே’ என்றேன். அவர் காதில் விழவில்லை. வசந்தா அம்மாதான் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தனக்கு டிரைவர் யாரும் இல்லை என்றார். சமையல் சாமான் ஏற்றுகிற டெம்போவுக்கும் ஆள் தேடுகிறேன், முகூர்த்தத்தில் காரு, மற்ற நாளில் டெம்போ, மாதச் சம்பளம், வருவீர்களா என்று கேட்டார். தனபால் அண்ணன் கையை எடுத்தார். திரும்பிப் பஸ்ஸில்தான் வந்தோம். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தவர் விருத்தாசலம் வரும்வரை வெளியிலேயே பார்த்துக்கொண்டு வந்தார். 

ஆவணியில் ஒரு கல்யாணத்துக்கு அந்த மண்டபத்துக்குப் போனேன். அம்பாசிடரில் மல்லிகைச் சரம், பானெட்டில் ரோஜா. பொண்ணு மாப்பிள்ளையை இறக்கிவிட்டு, வெள்ளைச் சட்டையில் தனபால் அண்ணன் புளியமரத்தடியில் கால்நீட்டி உட்கார்ந்திருந்தார். சொந்த வண்டியை அடுத்தவருக்காக ஓட்டுவது கஷ்டமாக இருக்கிறதா என்று கேட்க நினைத்து, கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். முன்டயர் ஒன்று காற்று இறங்கியிருப்பதைக் காட்டினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

“எப்.சி.யா, அந்தம்மா பாடு. டயரா, அந்தம்மா பாடு. இந்த நிம்மதி தெரியாமயே இத்தினி வருஷம் ஓனரா இருந்து தொலைச்சிருக்கேன் தம்பி!”

அரசாங்கம் தராத பணத்துக்கு ஊர் முழுக்கப் பதில் சொல்லி, கம்பெனி தந்த மெமோவைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்ட அந்த ஆடியில், எங்கள் ஷோரூம் நோட்டீஸால் நல்லபடியாக முடிந்த ஒரே எக்ஸ்சேஞ்ச் எங்கள் ஷோரூமில் நடக்கவே இல்லை.